ஒரு சாண் மிச்சம்

அந்த ரயில் பாலத்துக்கு அலுவலகத்தில் ஒரு எண் உண்டு. ஊரில் யாருக்கும் அது தெரியாது. குனிஞ்ச பாலம் என்றால்தான் தெரியும். குதிரை வண்டி ஓடிய காலத்தில் யாரோ புண்ணியவான் கட்டிவிட்டுப் போனது. இன்றைய லாரிகள் அதற்கடியில் தலையைக் கொடுத்துவிட்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் திருதிருவென்று முழிக்கும். டிரைவர் இறங்கி வந்து, பாலம்தான் வந்து தன் மேல் மோதியது போல அதை முறைப்பார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள்.

இதைத் தடுக்கத்தான் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும், சாலைக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் நட்டு, அதிலிருந்து சங்கிலியில் ஒரு நீளக் குழாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். உயரமான வண்டி வந்தால் முதலில் குழாயில் இடிக்கும். டங்கென்று சத்தம் கேட்கும். டிரைவர் பிரேக்கை மிதிப்பார். கூரையில் ஒரு கீறலோடு போய்விடும். பாலமும் பிழைக்கும், மேலே போகிற ரயிலும் பிழைக்கும்.

அந்தப் பாலத்துக்கும் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில பாலங்களுக்கும் அவள்தான் மேற்பார்வையாளர். நேரில் மேடம் என்பார்கள். முதுகைத் திருப்பியதும் சந்தேகப் பிராணி என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. ஆணி அடித்தேன் என்று ஆள் சொன்னால் ஏணி போட்டு ஏறி அந்த ஆணியை அசைத்துப் பார்ப்பாள். பெயின்ட் இரண்டு கை அடித்தோம் என்றால் சாவியால் சுரண்டிப் பார்ப்பாள். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், அவர் சுண்டுவிரலைப் பார்ப்பாள். இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்ததால்தான் தன் பாலங்களில் இதுவரை ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பது அவள் கட்சி. அதில் பொய்யும் இல்லை.

அவளிடம் இரண்டு ஃபோன் உண்டு. ஒன்று சொந்த ஃபோன். இன்னொன்று அலுவலகம் கொடுத்த பழைய பட்டன் ஃபோன். அந்த எண்தான் பாலத்தின் பக்கச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்: வண்டி மோதினால் உடனே இந்த எண்ணுக்குச் சொல்லவும். சொன்னால் அடுத்த ரயிலை நிறுத்திவிடலாம். அந்த எண்ணில் பேசுவதெல்லாம் தலைமை அலுவலகத்தில் பதிவாகும். குளிக்கப் போனாலும் அந்த ஃபோனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் குளிப்பாள்.

அன்று காலை அந்த ஃபோன் ஒலிக்கவே இல்லை. சொந்த ஃபோன்தான் ஒலித்தது, ஸ்டேஷனிலிருந்து. காலை ரயிலை ஓட்டிப் போனவர், குனிஞ்ச பாலத்தின் மேல் ஒரு குலுக்கல் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். தண்டவாளத்தை நடந்து பார்க்கிற ஆள் போய்ப் பார்த்தால், பாலத்தின் ஓரத்து உத்தரம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது, மேலே தண்டவாளம் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. எவனோ இடித்துவிட்டு ஓடிவிட்டான். இடித்தபின் அந்த ரயில் முழுக் கூட்டத்தோடு அதன் மேல் ஏறிப் போயிருக்கிறது.

அவள் மகள் தினமும் வேலைக்குப் போவது அந்த ரயிலில்தான். உடனே மகளை ஃபோனில் கூப்பிட்டாள். வந்துட்டேன்மா, நல்லாத்தான் இருக்கேன், அப்புறம் பேசறேன் என்று மகள் அவசரமாக வைத்துவிட்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மகளின் குரல் கேட்டதே போதும் என்றிருந்தது.

பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில்களையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். ஆட்கள் கடப்பாறையால் நெம்பித் தண்டவாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மடங்கிய உத்தரத்தில் கிழிந்த தகரம் ஒன்று மாட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தண்டவாளத்து ஆள் சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவள் சொன்னாள்: "இடிச்சவன் யாரா இருந்தாலும் சரி, அவன் லைசென்ஸைப் பிடுங்காம விடமாட்டேன். இடிச்சதுக்கு இல்ல. இடிச்சுட்டு வாயை மூடிக்கிட்டுப் போனான் பாருங்க, அதுக்கு."

ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தாலும் அவள் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் இடிக்கிற வண்டி அதற்கு முன்னால் குழாயில் இடித்திருக்க வேண்டும். குழாயில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. குழாயைத் தாண்டிக் குதித்தா வந்தது லாரி? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அப்போதே அவளுக்குத் தோன்றிவிட்டது.

முதல் சந்தேகம் கொக்கி மேல் விழுந்தது. பாலத்துக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டுக் குடியிருக்கிறவர் அவர். சிக்கிய வண்டியை இழுத்துப் போடுகிற வண்டி வைத்திருக்கிறார். அதன் பின்னால் ஒரு பெரிய கொக்கி தொங்கும், அதுதான் அவருக்கும் பேராகிவிட்டது. எங்கே வண்டி சிக்கினாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும், முதல் ஆளாக வந்து நிற்பார். பாலம் இடிபட்டால் பிழைப்பு நடக்கிற ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். அப்படிப்பட்டவர் காதுக்கு எதிரிலேயே ஒரு லாரி இடித்துவிட்டுப் போயிருக்கிறது, அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

கேட்டதற்கு, விடிகிற நேரத்தில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது என்றார். டங்கென்று முதலில் கேட்டிருந்தால் எழுந்து ஓடிவந்திருப்பாராம். வெறும் தடால் என்றதும், மேலே சரக்கு ரயில் போகிறது என்று புரண்டு படுத்துவிட்டாராம். சொல்லும்போது அவர் கண் எங்கெங்கோ போனது. அவள் அதையும் மனதில் வைத்துக்கொண்டாள்.

அளவுக் கம்பைக் கொண்டுவரச் சொல்லிக் குழாயின் உயரத்தை அளந்தாள். இருக்க வேண்டியதைவிட ஒன்றரைச் சாண் மேலே, பாலத்தையும்விட உயரத்தில் இருந்தது. மறுபக்கத்துக் குழாயும் அப்படியே. கீழே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றரைச் சாண் வித்தியாசம் எங்கே தெரியும்? மாதாமாதம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட அவளுக்கே தெரியவில்லை. ஏணியைச் சாத்தி அவளே ஏறினாள். சங்கிலியின் சில கண்ணிகளை மேலே மடித்து, சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி சட்டத்தின் பின்பக்கமாக நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. கயிறு வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. நேற்றோ இன்றோ கட்டியதில்லை. லாரிக் கூரையில் நின்றுகொண்டால் எட்டுகிற இடம்தான்.

ஆக, உயரமான வண்டி ஒன்று தினமும் போய்வர யாரோ வழி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எப்படி அவ்வளவு தைரியம்? குழாய்க்கு மேலே பாலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தவன்தானே இதைச் செய்ய முடியும். குழாயை எப்போதுமே பாலத்தைவிட ஒரு சாண் தாழ்த்தித்தான் தொங்கவிடுவார்கள். பலகையில் எழுதுகிற உயரமும் குழாயின் உயரம்தான். அந்த ஒரு சாண் ஆபத்துக்கென்று வைத்த மிச்சம். அதை வெளியாரிடம் வாய்விடக் கூடாது என்பது அவர்கள் அலுவலகத்தின் முதல் பாடம். மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதையும் சேர்த்து ஓட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

ஏணியின் மேலே நின்றபடியே கொக்கியைக் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு சாண் மிச்சம் இருக்கிற விஷயம் சரக்கு ஏற்றுகிற இடத்தில் எல்லா டிரைவர்களுக்கும் தெரியுமாம். யார் முதலில் சொன்னது என்று தனக்குத் தெரியாதாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் எவனோ நாக்கு நீளமானவன் உளறியிருக்கிறான். பெயின்ட் அடிக்க வந்த காண்டிராக்டரா? எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத தன் உதவியாளரா? போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டு இப்போது லாரி முதலாளி ஒருவரோடு சுற்றுகிற பழைய அதிகாரியா? ஒவ்வொருவராக மனதுக்குள் கூண்டில் ஏற்றி விசாரித்தாள். மூன்று பேருமே திருடர்களாகத்தான் தெரிந்தார்கள்.

"இந்த முடிச்சைப் பார்த்தா யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தார்ப்பாய் கட்டற முடிச்சு மேடம். ஆளுக்கு ஒரு தினுசாப் போடுவாங்க, கையெழுத்து மாதிரி. முடிச்சைப் பார்த்தே யாரு லாரின்னு சொல்லிருவேன்."

"அப்ப சொல்லுங்க."

கொக்கி ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, வேட்டியா சட்டையா என்றில்லாமல் எதையோ தட்டி விட்டுக்கொண்டார். "இது யாருதுன்னு தெரியலை மேடம்," என்றார்.

காதில் பூச் சுற்றுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் கக்கிவிடுவார். கேட்க வாயைத் திறந்தவள், கை போன போக்கில் முடிச்சை அவிழ்க்கப் போனாள். இரண்டு சுற்று, நடுவில் ஒரு கண்ணி, மிஞ்சிய நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள்ளேயே செருகியிருந்தது. எந்த நுனியை முதலில் இழுக்க வேண்டும் என்று அவள் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் அதை இழுத்துவிட்டது. முடிச்சு மடமடவென்று அவிழ்ந்தது.

அவள் வீட்டுத் துணிக்கொடியில் அதே முடிச்சு. பழைய பேப்பர் கட்டில் அதே முடிச்சு. மூடாத அலமாரிக் கதவில் அதே முடிச்சு. நகம் உடைய அதை அவிழ்த்து அவிழ்த்து, மனுஷன் மாதிரி ஒரு முடிச்சுப் போடத் தெரியாதா உங்களுக்கு என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டி வருகிற முடிச்சு.

அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர்.

ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கீழே கொக்கி தலையைக் குனிந்து நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபக்கத்துக் கயிற்றையும் அவளே ஏறி அவிழ்த்தாள். இரண்டையும் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். என்ன மேடம் கிடைத்தது என்று உதவியாளர் கேட்டார். ஒன்றுமில்லை, சங்கிலி சிக்கியிருந்தது என்றாள். வேலையில் சேர்ந்த நாள்முதல் அவள் சொன்ன முதல் பொய் அது. அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போய்த் துணிக்கொடியைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் கிடைக்காதா என்று தேடினாள். ஊரில் நூறு டிரைவர்கள் இருக்கிறார்கள், இன்னொருவன் இதே மாதிரி கட்ட மாட்டானா? அவரை ஃபோனில் கூப்பிட்டாள். லாரி பட்டறையில் இருக்கிறது, ஸ்பிரிங் பட்டை போய்விட்டது, சாயங்காலம் வருகிறேன் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வழக்கமாக, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். அன்று கேட்கவில்லை.

சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். லாரிக்குப் புதுசாகப் பாடி கட்டினார். பழையதைவிட உயரம். இது குனிஞ்ச பாலத்துக்கடியில் போகாதே என்று அவள் அன்றே கேட்டாள். போகாது, இனிமேல் சுற்று வழியில்தான் போகணும் என்றார். சுற்று வழி என்றால் ஆற்றைச் சுற்றி, குன்றைச் சுற்றி, போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும். ஆனால் இந்த நாலைந்து மாதமாக அவர் முன்பு வருகிற நேரத்துக்கே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். இதை அவள் கவனிக்காமல் இல்லை. மனுஷன் சீக்கிரம் வருகிறாரே என்று சந்தோஷப்பட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஊரையே சந்தேகப்பட்டவள், வீட்டுக்காரரை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. நாளெல்லாம் எல்லாரையும் உற்றுப் பார்த்துக் களைத்து வருகிறவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் அவர்தான். இப்போது அதுவும் போய்விட்டதா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டியவளும் தானே என்று உறைத்தது. லைசென்ஸ் போகும். ஜெயிலுக்குக்கூடப் போக நேரலாம். அத்தனை பேர் முன்னால் சபதம் போட்டது அவள்தான். பையில் இருக்கிற கயிற்றை எடுத்து அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியாது. கொக்கி வாயைத் திறக்க மாட்டார். ஒருவேளை இடித்தபோது வீட்டுக்காரருக்கு அது வெறும் உரசல் என்றுதான் தோன்றியதோ என்னவோ. தெரியாமல் செய்த தப்பென்றால் எப்படியாவது பூசி மெழுகிவிடலாம். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

மகள் வந்தாள். வந்தவள் செருப்பை ஒரு மூலைக்கும் பையை ஒரு மூலைக்கும் எறிந்தாள். இடுப்பு ஒடிந்துவிட்டது, போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டே வந்தேன், இனி ஜென்மத்துக்கும் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று புலம்பினாள்.

"பஸ்ஸா?" என்றாள் அவள். "காலைல ரயில்ல போகலையா நீ?"

"அப்பாதாம்மா. நான் கிளம்பற நேரத்துக்கு ஃபோன் பண்ணி, இன்னிக்கு ரயில் வேணாம், பஸ்ல போன்னாரு. ஏன்னு கேட்டா ரயில்காரங்க ஸ்டிரைக்காம். அம்மாகிட்ட கேக்கறேன்னேன். அவளை எதுக்குத் தொந்தரவு பண்றேன்னு வச்சுட்டாரு. ஸ்டிரைக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

பிடித்துக்கொண்டிருந்த நூல் அறுந்துவிட்டது. அவர் இடித்தார், இறங்கிப் பார்த்தார், ரயில் போனால் ஆபத்து என்று தெரிந்துகொண்டார். தெரிந்துதான் மகளை மட்டும் ஏறவிடாமல் தடுத்தார். மற்றவர் பிள்ளைகளைப் போகவிட்டார். அவளுக்கு மகளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, அதே நேரத்தில் மகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகவும் இருந்தது. பையிலிருந்து கயிற்றை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் பட்டன் ஃபோனையும் வைத்தாள்.

அவர் இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். கதவருகில் செருப்பைக் கழற்றும்போதே மேசைமேல் இருந்த கயிற்றைப் பார்த்துவிட்டார். மறுக்கவில்லை. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒரே நாளில் பத்து வயசு கூடியது போல இருந்தார். அவர் சொன்னதையெல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

தினமும் போகும்போது டைல்ஸ், வரும்போது பழைய இரும்பு. இரண்டுமே கனம். கனத்தில் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்ந்துவிடும். பாலத்துக்கும் கூரைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்கும். இத்தனை மாதமும் அந்த மூன்று விரலில்தான் போய் வந்திருக்கிறார். நேற்று ராத்திரி இரும்பு கிடைக்கவில்லை. முதல் தடவையாகக் காலி வண்டியோடு திரும்பினார். அதே லாரி, அதே பாலம், நேற்றும் போனோமே என்ற நினைப்புத்தான். கனம் இல்லாத வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது, இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனுக்கு, கூரை கிழிகிற சத்தம் கேட்டபிறகுதான் ஞாபகம் வந்ததாம். டயரில் காற்றை இறக்கி வண்டியைப் பின்னால் எடுத்து வெளியே கொண்டுவந்துவிட்டார்.

"இடிச்சவுடனே இந்த நம்பருக்குச் சொல்லியிருக்கலாம்ல? கண்ணுக்கு எதிர்ல எழுதியிருக்கு."

"அடிச்சேன், கடைசி நம்பர் வரைக்கும். எடுத்தா உன் குரல்தானே வரும். என்னன்னு சொல்றது?"

"பொண்ணுகிட்ட மட்டும் சொல்லத் தெரிஞ்சுதா?"

உள்ளறை வாசலில் மகள் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ரயில் வருகிற வரைக்கும் பாலத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன் என்றார் அவர். ஓடிப்போய்த் துண்டை ஆட்டி நிறுத்தலாமா என்று நினைத்தாராம். கால் வரவில்லையாம். கடைசிப் பெட்டி தாண்டுகிற வரை மூச்சே விடவில்லையாம். ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்த கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் அந்த ஆளையாவது நிம்மதியாகத் திட்டலாம் என்று இருந்தது.

"ஒரு சாண் மிச்சம் இருக்குன்னு உங்களுக்கு எவன் சொன்னான்? அந்த நாக்கு நீளமானவன் யாரு?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று பார்த்தது போல இருந்தது.

"நீதானே சொன்னே," என்றார்.

அவளுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. இதே மேசை, இதே நாற்காலி. ஏதோ பேச்சில் அவர் சீண்டினார்: உங்க பலகையில போட்டிருக்கறதெல்லாம் சும்மா குத்துமதிப்பு, எவன் போய் அளந்தான் என்றார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. குத்துமதிப்பா, நானே கம்பு பிடிச்சு அளந்தது, போட்டிருக்கறதுக்கு மேல சரியா ஒரு சாண் இருக்கும், வேணும்னா போய்ப் பாருங்க என்று பெருமை பீற்றிக்கொண்டாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தாள். அவர் அதை மறுநாளே சரக்கு ஏற்றுகிற இடத்தில் சொல்லியிருக்கிறார். அளந்தது யாரு தெரியும்ல, எங்க வீட்டம்மா என்று.

"வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்," என்றார் அவர். "நீ அளந்தா தப்பாது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கட்டினேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. உதவியாளரையும் காண்டிராக்டரையும் பழைய அதிகாரியையும் காலையில் கூண்டில் ஏற்றியது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் மெதுவாகக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இது இத்தோடு போகட்டுமே, இனிமேல் அந்தப் பக்கமே போக மாட்டேன், உன் பேரும் சேர்ந்து கெடும் என்றார். அவள் பேரைச் சொன்னதும், அதுவரை அசையாமல் இருந்தவள் அசைந்தாள். கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி நடுவில் வைத்தாள்.

"காலைல கூப்பிட வேண்டிய நம்பருக்கு இப்பக் கூப்பிடுங்க," என்றாள்.

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, அவருக்கு அது மனப்பாடம். இரண்டு பேருக்கும் நடுவில் பட்டன் ஃபோன் ஒலித்தது. மேசை அதிர்ந்தது. அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள். அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில், பாலம் பிரிவு, சொல்லுங்க என்றாள்.

ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். எந்தப் பாலம் என்று கேட்டாள், சொன்னார். வண்டி எண்ணைக் கேட்டாள், சொன்னார். குழாயை யார் தூக்கிக் கட்டியது என்று கேட்டாள், நான்தான் என்றார். ரயில் வருமுன் ஏன் தகவல் தரவில்லை என்று கேட்டாள். பயந்துட்டேன் என்றார். யாரையாவது எச்சரித்தீர்களா என்று கேட்டாள். அவர் அப்போதுதான் வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். என் பொண்ணுக்கு மட்டும் சொன்னேன் என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாலத்துக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு சாண் மிச்சம் இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் காத்திருந்தாள்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் நினைச்சேன்."

"பொய் சொல்லாதீங்க. பதிவாகுது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி சொன்னா," என்றார்.

"அவங்க எங்க வேலை பார்க்கறாங்க?"

"இந்த நம்பர்லதாங்க."

"சரி, குறிச்சுக்கிட்டேன்," என்று அவள் ஃபோனை வைத்தாள்.